கங்கம்மா கால் நனைந்த நாள்

போன வாரம் காஞ்சனாவைத் திருச்சானூர் ஷேர் ஆட்டோ நிறுத்தத்தில், கொட்டும் மழையில் நிற்க வைத்துவிட்டுப் பிரிந்தோம். காதில் போன். போனுக்குள் அவளுடைய அக்கா செல்வியின் அழுகை. ஒரு வாரம் முழுக்க அந்தப் பெண்ணை நனைய விட்டதற்கு நீங்கள் என்னைத் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள், உங்களுக்கில்லாத உரிமையா? வாருங்கள், இன்றைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடுவோம்.

இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. காஞ்சனா திருப்பதியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இன்ஜினியர். மற்ற நாளெல்லாம் கம்பெனிக்கு வீடு கட்டுவாள். ஞாயிற்றுக்கிழமையானால் தன்னைப் போன்ற சில இன்ஜினியர்களோடு சேர்ந்து, கூலி வாங்காமல் கிராமத்து ஏரிகளைச் செப்பனிடுவாள். இந்தக் கோடையில், பிடிவாதம் பிடித்துத் தன் ஊர் ஏரியையே எடுத்துக்கொள்ள வைத்தாள். ஊர் புளியங்குப்பம். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், மலையடிவாரத்தில் இருக்கிறது.

அந்த ஏரியில் உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் என்றைக்கோ இடிந்துபோய், அதன் கற்களெல்லாம் யார் யார் வீட்டு அஸ்திவாரத்திலோ படுத்திருந்தன. பெய்கிற மழையெல்லாம் ஏரியில் தங்காமல் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் புதிதாகக் கான்கிரீட் கலங்கல் எழுந்தது. ஐப்பசி மழை பிடித்தது. ஏரி நிறைந்துகொண்டு வந்தது. புளியங்குப்பத்துக்குத் தலைகால் புரியவில்லை.

ஏரிக்கு மேலண்டைப் பக்கம் இருக்கிற மேட்டுக்கண்டிகைக்கு மட்டும் வயிறு எரிந்தது. செல்வி வாழ்க்கைப்பட்ட ஊர் அதுதான்.

"அக்கா, அழாம சொல்லு. தண்ணி எது வரைக்கும் வந்திருக்குது?"

"மல்லாட்டை வயல்ல கெண்டைக்கால் தண்ணி நிக்குதுடீ. புடுங்க வேண்டிய காயி மண்ணுக்குள்ளயே மொளை உட்டுகினு கெடக்குது. எங்க மாமியா விடிஞ்சதுலேர்ந்து என்கிட்ட பேசல. அடுப்புகிட்ட பேசிகினு இருக்குது. தங்கச்சிக்காரி ஏரி கட்னா, அக்காக்காரி குடும்பம் முழுகிப்போச்சுன்னு."

"அது ஏரிக்குள்ள வர்ற நெலமாக்கா?"

"அடிப்பாவி! பட்டா நெலம்டீ. உங்க மாமாவோட தாத்தா காலத்துலேர்ந்து அங்க ஒரு தபாகூட ஏரித் தண்ணி ஏறினதில்ல. ஊரு ஆம்பளைங்க கடப்பாரை எடுத்துகினு கெளம்பறேன்றாங்க. உங்க மாமாதான் புடிச்சி நிறுத்தி வெச்சிருக்காரு. பொழுது சாயற வரைக்குந்தான் நிப்பாங்களாம். அதுக்குள்ள நீ வந்து அந்தக் கலங்கல உடை. இல்லன்னா அவங்க வந்து உடைப்பாங்க. அப்புறம் பொறந்த ஊடும் எனக்கு இல்ல, பூந்த ஊடும் இல்ல."

காஞ்சனா கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் புத்தூர் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கோடையில் எடுத்த மட்டக் கணக்கைப் போனில் திறந்து மறுபடி மறுபடி பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கலங்கலின் தலைமட்டம், மதகின் மட்டம், கரையின் மட்டம் எல்லாமே ஒன்றுக்கொன்று ஒட்டி நின்றன. கணக்குப்படி அக்காவின் நிலத்துக்குத் தண்ணீர் போகவே கூடாது. கணக்கைத் தண்ணீர் படிக்கவில்லை போலிருக்கிறது என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது.

பாசனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாவது சனிக்கிழமை, யார் எடுப்பார்கள்?

அவர்கள் குழுவுக்குத் தலைவர் சுரேஷ்பாபு, ரிட்டயர் ஆன இன்ஜினியர், தமிழில் பாதி தெலுங்கு கலந்து பேசுகிறவர். அவர் எடுத்தார்.

"சார், கலங்கலக் கொஞ்சம் வெட்டி மட்டத்தக் கொறைக்கணும். இன்னிக்கே."

"ஏமிட்டம்மா இது? லெவல் எடுத்தது நீயே கதா? நாலு தடவை செக் பண்ணோமே!"

"பண்ணோம் சார். ஆனா எங்க அக்கா வயல்ல தண்ணி நிக்குதே!"

"மதகைத் திறக்கச் சொல்லு."

"அந்த மதகு வழியா எறங்கறதுக்கு நாலஞ்சு நாள் ஆவும். சாயங்காலம் மறுபடி மழைன்றாங்க. அதுக்குள்ள காயெல்லாம் அழுகிப்போயிடும் சார்."

சுரேஷ்பாபு பெருமூச்சு விட்டது கேட்டது. "காஞ்சனா, நாளைக்குப் பணம் கொடுத்தவங்க குடும்பத்தோட வராங்க. ரிப்பன் வாங்கியாச்சு. பேனர் அடிச்சாச்சு. அதுவுமில்லாம அது கவர்ன்மென்ட் ஏரி. அனுமதி இல்லாம கட்டறதும் தப்பு, இடிக்கறதும் தப்பு. அர்ஜி எழுதிப் போடு. சோமவாரம் ஆபீஸ் தொறந்ததும் பாப்போம்."

"நாளைக்கு ரிப்பன் தண்ணியில மிதக்கும் சார்," என்று சொல்லிவிட்டு அவளே போனை வைத்தாள். பெரியவரிடம் அப்படிப் பேசியதற்காக அடுத்த நிறுத்தம் வரை வருத்தப்பட்டாள். அதற்கப்புறம் அந்த வருத்தமும் எரிச்சலாகிவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கிப் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. நேராக மேட்டுக்கண்டிகை வயலுக்குப் போனாள்.

செல்வி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றுத் தண்ணீரில் குனிந்து மல்லாட்டையை, நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வரப்பில் அவள் புருஷன் கமலக்கண்ணன் நின்றான். சாந்தமான மனிதன். இன்றைக்கு அவன் முகத்திலும் சாந்தமில்லை.

"வா காஞ்சனா," என்றான். "நான் உன்னத் தப்பு சொல்லல. ஊரு சொல்லுது. எவ்ளோ நேரம் நான் வாசப்படியில நின்னு கைய விரிச்சி மறிக்க முடியும், சொல்லு."

"மாமா, நான் கணக்கு தப்பாப் போடல."

"அப்போ தண்ணிதான் தப்பா வந்துடுச்சா?" என்றாள் செல்வி, நிமிராமலே.

காஞ்சனா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். "அக்கா, இங்க பாரு. பழைய கலங்கல் எவ்ளோ ஒசரம்னு யாருக்கும் தெரியல. ஒரு கல்லுகூட மிச்சமில்ல. அதனால ஊரக் கேட்டோம். ஏரி முழுசா ரொம்பனா தண்ணி எது வரைக்கும் வரும்னு. ஊரே ஒரே வாயா சொல்லுச்சு, கங்கம்மா கால நனைக்கும்னு. அந்தச் சாமிக் கல்லோட அடியில அளவுகோல வெச்சித்தான் மட்டம் எடுத்தேன்."

"கங்கம்மா கால நனைக்கும். அது நெசந்தான்," என்றாள் செல்வி. "நானே பாத்திருக்கேன். என்ன கல்யாணம் பண்ணி இந்த ஊருக்கு அனுப்பினப்போ ஏரி ரொம்பி வழிஞ்சி கோடி போய்க்கினு இருந்துச்சு. பொண்ணு ஊர் தாண்டறதுக்கு முன்னாடி கங்கம்மா காலுக்குத் தண்ணி ஊத்திட்டுத்தான போவணும்? குனிஞ்சி அங்கயே மொண்டு ஊத்தினேன். பனமரத்து வேரு மேல காலு வழுக்கி, உங்க மாமா கையப் புடிச்சிகினாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"பனமரத்து வேரா?"

"ஆமா. கல்லு பனமரத்தடியிலதான இருந்துச்சு."

"அக்கா, கல்லு ரோட்டோரமா மேல இல்ல இருக்குது!"

செல்வி இப்போதுதான் நிமிர்ந்தாள். "அது அப்புறமா நவுத்தினதுடீ. ரோடு போட்டாங்களே, அப்போ. வயசானவங்களால சரிவுல எறங்கிப் பூசை போட முடியலன்னு மேல கொண்டாந்து வெச்சாங்க. நைனாதான் தனி ஆளா தோள்ல தூக்கிகினு ஏறினாரு. நீ சின்ன வயசுலேர்ந்தே திருப்பதி ஆஸ்டல்லதான படிச்ச, உனக்கெங்க தெரியும்?"

காஞ்சனா அசையாமல் நின்றாள். சேறு அவள் காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"இத ஏன்க்கா நீ என்கிட்ட சொல்லல?"

"என்ன யாருடீ கேட்டா?" செல்வியின் குரல் ஏறியது. "கோடையில நாலு ஞாயித்துக்கெழம வந்தீங்க. கூடாரம் போட்டீங்க, பிரியாணி துன்னீங்க. புளியங்குப்பத்துல எல்லாரையும் கூப்ட்டு வெச்சிக் கேட்டீங்க. தண்ணி வந்து நிக்கப்போற ஊரு இது. இங்க ஒருத்தர் வந்து ஒரு வார்த்த கேட்டீங்களா?"

காஞ்சனா ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அதைவிடப் பெரிதாக வேறொன்று அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு, அந்தக் கல்லின் அடியில், அளவுகோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? நைனா. வெயிலில் வேர்த்து வழிய, "நேராப் புடிச்சிகினு இருக்கேனா எம்மா? சாயலையே?" என்று கேட்டுக் கேட்டு நின்றார். மகளின் வேலையில் தகப்பன் பெருமையோடு கூட நிற்கிறார் என்று குழுவே அவரைப் படம் எடுத்தது.

"மாமா," என்றாள் காஞ்சனா, "சம்மட்டி இருக்குதா?"

கமலக்கண்ணன் சம்மட்டியும் ஒரு இரும்பு உளியும் கொண்டுவந்து கொடுத்தான். "நான் வந்தா சண்டையாப் பூடும்," என்றான். செல்வி ஒரு கட்டுக் கடலைச் செடியை, சேறும் தண்ணீரும் சொட்டச் சொட்ட, இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எதுக்குக்கா அது?" என்று கேட்டதற்கு, "நட மொதல்ல," என்றாள். இருவரும் ஏரிக்கரை மேல் நடந்தார்கள்.

புளியங்குப்பம் பண்டிகைக் கோலத்தில் இருந்தது. இரவுக்குள் ஏரி கோடி போய்விடும், காலையில் கங்கம்மாவுக்குப் பொங்கல் வைத்துக் கிடா வெட்ட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. எதிரே வந்தவர்களெல்லாம் "வாம்மா இன்ஜினியரம்மா!" என்று வாயாரக் கூப்பிட்டார்கள். அவள் கையிலிருந்த சம்மட்டியைப் பார்த்துவிட்டு, "ரிப்பன் கட்றதுக்குக் கம்பம் நடப் போறியா?" என்று ஒருவர் கேட்டார். அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

அவர்களுடைய நைனா திருவேங்கடம் கலங்கலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். இந்தப் பத்து நாளாக அவருக்கு அதுதான் வீடு. அவர் மனைவி வள்ளியம்மாள் சோற்றை இங்கேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டு, "தண்ணிய யாரும் தூக்கினு போவ மாட்டாங்க, ஊட்டுக்கு வந்து துன்னலாம்," என்று தினமும் ஒரு பாட்டு வைத்துக்கொண்டிருந்தாள். இப்போதும் தூக்குப்பாத்திரத்தோடு அங்கேதான் இருந்தாள்.

தண்ணீர் கலங்கலின் தலைக்கு ஒரு சாண் கீழே நின்றது. எதிர்ச்சரிவில் பனைமரம் தண்ணீருக்குள் நின்றது. அதற்கும் மேலே, ரோட்டோரத்தில், மஞ்சள் பூசிய கங்கம்மா கல்.

"நைனா," என்றாள் காஞ்சனா. "கங்கம்மா கல்லு மொதல்ல எங்க இருந்துச்சு?"

திருவேங்கடம் பெரிய மகளைப் பார்த்தார். அவள் இடுப்பிலிருந்த கட்டைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார்.

"கல்லு எங்க இருக்குதோ அங்கதான் கங்கம்மா," என்றார்.

"நான் சாமியக் கேக்கல. மட்டத்தக் கேக்கறேன். பனமரத்தடியில இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சு. இப்போ இன்னா அதுக்கு?"

"உனக்குத் தெரிஞ்சேதான் என் கோலப் புடிச்சிகினு நின்னியா?"

"சொல்லியிருந்தா நீ ஒத்துக்கினு இருப்பியா?" திருவேங்கடம் சட்டென்று திரும்பினார். "ரூலு பேசியிருப்ப. நாலடி கொறச்சிருப்ப. மூணு போர்வெல் போட்டேன் எம்மா. மூணும் காத்துதான் ஊதுச்சு. போன வருசம் வரைக்கும் இந்த ஏரியில பசங்க கிரிக்கெட் ஆடிகினு இருந்தாங்க. என் வயசுக்கு இனிமே எத்தினி மழை பாக்கப்போறேன்? நாலடி தண்ணி சேத்து நின்னா ரெண்டு போகம் வெளையும்னு கூட்டத்துல சொன்னது யாரு? நீதான?"

"அக்கா நெலம் முழுகும்னு சொல்லலியே நைனா!"

"முழுவும்னு எனக்கு மட்டும் தெரியுமா? ஏதோ ஓரமா ஈரம் தட்டும்னு நெனச்சேன்." குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். "ஒரு தபா மல்லாட்டை போனா அடுத்த தபா வரும். ஏரி போனா வராது."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். வாயிலிருந்து விழுந்ததை யார் எடுத்து உள்ளே வைக்க முடியும்?

செல்வி முன்னால் வந்தாள். கட்டை அவர் காலடியில் வைத்தாள். தாம்பூலத் தட்டை வைப்பது மாதிரி, பதமாக, இரண்டு கையாலும்.

"நாளைக்குப் பூசையில வெச்சிக்கோ நைனா. எப்பவும் நீங்கதான் எனக்கு சீர் செய்யறீங்க. இந்தத் தபா நான் கொண்டாந்திருக்கேன்."

வள்ளியம்மாள் தூக்குப்பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காஞ்சனா போனை எடுத்துச் சுரேஷ்பாபுவுக்குக் குரலாகவே ஒரு செய்தி அனுப்பினாள். "சார், மட்டம் தப்பு. அது எடம் மாத்தி வெச்ச கல்லு. கேக்க வேண்டிய ஊரக் கேக்காதது நம்ம தப்பு. கலங்கலோட நடுவுல ஒரு வாய் வெட்டறேன். தண்ணி ஓடைக்குத்தான் போவும், யாருக்கும் சேதம் வராது. திங்கக்கெழம நானே ஆபீசுக்குப் போயி என் பேர்ல சொல்லிக்கறேன்."

போனை அம்மாவிடம் கொடுத்தாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கலங்கலின் மேல் ஏறினாள். உளியை வைத்து, சம்மட்டியை ஓங்கி அடித்தாள்.

சம்மட்டி துள்ளித் திரும்பி வந்தது.

மறுபடி அடித்தாள். கான்கிரீட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது, அவ்வளவுதான். உறுதியான கலவை. வெயிலில் பக்கத்திலேயே நின்று, சாக்கு போர்த்தி, வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றி அவளே இறுக வைத்த கலவை. இவ்வளவு நன்றாக வேலை செய்திருக்க வேண்டாமே என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது. கை அதிர்ந்து தோள் வரை விறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். ஒரு ஓரம் உடைந்து, கட்டைவிரல் அளவு சில்லு தெறித்தது.

சத்தம் கேட்டு ஊர் கரை மேல் சேர ஆரம்பித்தது. "ஏய், இன்னா பண்ணுது அந்தப் பொண்ணு?" "அது கட்னத அதுவே உடைக்குது!" "திருவேங்கடம், உன் பொண்ண எறக்கு!" நாளைக்கு வெட்ட வேண்டிய கிடாவையும் கையில் பிடித்தபடியே ஒருவர் ஓடிவந்தார்.

திருவேங்கடம் அந்தப் பக்கம் போகவில்லை. மகளை இறக்கவும் இல்லை. கட்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு செடியை எடுத்தார். விவசாயியின் கை சும்மா இருக்குமா? ஒரு காயைப் பிய்த்து, நசுக்கிப் பார்த்தார். உள்ளே பருப்பு பிளந்து வெள்ளை முளை விட்டிருந்தது. கீழே போட்டார். இன்னொன்றை நசுக்கினார். அதிலும் முளை. அடுத்தது கறுத்து அழுகியிருந்தது. வேறு செடியை எடுத்தார். அந்தச் செடியின் காய்களை ஒன்றுவிடாமல் உடைத்தார். மகளின் சம்மட்டி அங்கே விழ விழ, இங்கே அவர் கை வேகவேகமாக உடைத்துக்கொண்டே போனது. ஒரே ஒரு நல்ல பருப்பு கிடைத்தால் போதும் என்று தேடுவது போல் இருந்தது.

கிடைக்கவில்லை.

மழை பிடித்தது. பெரிய தூறல்.

அவர் எழுந்தார். கலங்கலைத் தாண்டி, எதிர்ச்சரிவில் ஏறி, ரோட்டோரம் போனார். கங்கம்மா கல்லின் முன்னால் ஒரு நிமிடம் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். கல்லைக் கட்டிப்பிடித்து ஆட்டினார். முழங்கால் உயரக் கல்தான். ஆனாலும் அன்றைக்குத் தூக்கிய தோளுக்கு இன்று எவ்வளவோ வயதாகிவிட்டது. செல்வி பதறிக்கொண்டு அவர் பக்கம் ஓடினாள்.

"தொடாத," என்றார். "நான் தூக்கினது. நானே தூக்கறேன்."

தோளில் ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு காலாக ஊன்றிச் சரிவில் இறங்கினார். பாதம் நனைந்தது, முழங்கால் நனைந்தது, மடித்துக் கட்டிய வேட்டி நனைந்தது. பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு, பழைய வேர் காலில் தட்டுப்படும் வரை தடவிப் பார்த்து, கல்லை மெதுவாக இறக்கினார்.

கங்கம்மா முழுகிப்போனாள். உச்சிகூடத் தெரியவில்லை. அவள் மேல் பூசியிருந்த மஞ்சளும் குங்குமமும் மட்டும் மேலே வந்து, மழைத் துளிகளுக்கு நடுவில் கரைந்து பரவின.

சம்மட்டிச் சத்தம் நின்றிருந்தது. காஞ்சனா கலங்கலின் மேல் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில், உடைந்த வாயின் விளிம்பை எட்டுவதற்குத் தண்ணீருக்கு இன்னும் நாலு விரல் இருந்தது.

இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி திருவேங்கடம் மகளைப் பார்த்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் வழிந்ததில் மழை எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று கரையிலிருந்து சொல்ல முடியவில்லை.

"இப்போ அளந்துக்கோ எம்மா," என்றார்.

அதற்கு அவள் வாய் திறக்கும் முன், கரை மேலிருந்து ஒரு குரல் கத்தியது. "சாமிய முழுகடிச்சுட்டானே!" கிடாவைப் பிடித்திருந்தவர் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டார். ஊர் முழுக்க, கங்கம்மா இருந்த அந்த வெறும் இடத்தைப் பார்த்தது. பிறகு, எல்லாரும் சேர்ந்து, கரையை விட்டு இறங்க ஆரம்பித்தார்கள்.

எதிரே, மேட்டுக்கண்டிகைப் பக்கத்து வரப்புகளின் மேலும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தோள்களில் கடப்பாரைகள் இருந்தன. முன்னால் கையை விரித்து மறிக்கக் கமலக்கண்ணனைக் காணவில்லை.

பொழுது சாய்ந்துவிட்டிருந்தது.